வலிக்காத பல்லைக் காட்டப் போன கதை

எனக்கு வயது 56. போன மார்ச் மாதம்தான் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு டாக்டரிடம் பல்லைக் காட்டினேன். கல்லூரிக் காலத்தில் கும்பகோணத்தில் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது பிடுங்கிக்கொள்ளப் போனது, காட்டப் போனதல்ல. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய 36 வருடங்கள் ஆகியிருக்கின்றன.

நம் வீடுகளில் பல் வைத்தியத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் உப்புத் தண்ணீர். பிறகு கிராம்பு. அதற்கும் மசியாவிட்டால் மருந்துக் கடைக்காரர் கொடுக்கும் மாத்திரை. கன்னம் வீங்கித் தூக்கம் போன பிறகுதான் டாக்டர். அவரும் மேல் பல்லில் கை வைக்கப் போகிறார் என்றால் வீடே கலங்கிவிடும். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று என் பாட்டி கடைசிவரை நம்பினாள். பல்லுக்கு வருவது மூளையிலிருந்து கிளம்பும் ஐந்தாவது நரம்பின் கிளை. பார்வைக்கு உரியது இரண்டாவது நரம்பு. இரண்டும் வேறு வேறு பாதை. பல் ஆட்டம் காணும் வயதும் கண்ணில் புரை விழும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் வந்த பழி இது என்பது என் ஊகம்.

வலி எதுவும் இல்லாமல் நான் போனதற்குக் காரணம் என் மனைவி. தனக்கு நேரம் கேட்டு போன் செய்தவள், என்னைக் கேட்காமலே எனக்கும் சேர்த்து வாங்கிவிட்டாள். தில்லியில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய மார்க்கெட்டில், மாடியில் ஒரு சிறிய கிளினிக். டாக்டர் 35 வயது மதிக்கத்தக்க பஞ்சாபிப் பெண். போனதுமே 'அங்கிள்ஜி' ஆகிவிட்டேன்.

நாற்காலியில் சாய்ப்பதற்கு முன் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். பெயர், வயது, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எதற்காவது அலர்ஜி உண்டா. பல்லுக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று பாதியை நிரப்பாமல் விட்டேன். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, விட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக வாய்மொழியாகவே கேட்டார். நான் தினமும் அம்லோடிபின் சாப்பிடுகிறேன் என்றதும் குறித்துக்கொண்டார். அந்த மாத்திரை சிலருக்கு ஈறுகளைத் தடிக்க வைக்குமாம். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் ஃபெனிடாயினும் அப்படித்தான். ஈறு வீங்கியிருக்கிறதே என்று பல் டாக்டர் பல்லிலேயே தேடிக்கொண்டிருக்க, காரணம் சட்டைப் பையில் இருக்கும்.

இந்தப் படிவத்தை அலட்சியம் செய்யாதீர்கள் என்று சொல்வதற்காகவே இந்த வாரம் எழுதலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சொல்லியே ஆகவேண்டும். (சொல்ல வேண்டுமே தவிர, பல் எடுக்கப் போகிறோம் என்று தாங்களாகவே அந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது பல்லை விடப் பெரிய ஆபத்தை இழுத்துவிடும்.) செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்குச் சில பல் சிகிச்சைகளுக்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும். எலும்பு பலவீனத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கும் பெண்கள் பலர் அதை ஒரு மருந்தாகவே நினைப்பதில்லை. அவற்றில் சில வகைகள், பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கலாம். சர்க்கரை நோய்க்கும் ஈறு நோய்க்கும் உள்ள உறவு இரு வழிப் பாதை: சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகிறது; கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாமல் இழுக்கிறது. கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும்கூட, சொல்லிவிட வேண்டும். மருந்துப் பெயர்கள் ஞாபகம் இல்லையென்றால் அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்.

படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியும் வந்தது. "சின்ன வயதில் எந்த ஊரில் வளர்ந்தீர்கள்?" தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன். ஏன் கேட்டார் என்று பிறகு சொன்னார். குடிநீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள ஊர்களில் வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறையும் குழிகளும் இருக்கும். தெலங்கானாவின் நல்கொண்டா, ராஜஸ்தானின் பல பகுதிகள், நம் தர்மபுரி எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். பல் தாடைக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் ஏற்படும் மாற்றம் அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்த்துத் தேய்த்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

அடுத்து, 'என்ன தொந்தரவு' என்ற கேள்வி. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வலியைச் சொல்ல நமக்குத் தாய்மொழிதான் வேண்டும். பல் கூசுகிறது, குடைகிறது, விண் விண் என்று தெறிக்கிறது, கடுகடுக்கிறது என்று தமிழில் எத்தனை விதம்! ஐஸ் தண்ணீர் குடித்தால் எனக்கு இடது பக்கம் கூசும். 'கூச்சம்' என்பதற்கு இந்தியில் என்ன என்று தெரியாமல் நான் முகத்தைச் சுளித்துக் காட்ட, என் மனைவி பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்: "தண்டா-கரம் லக்தா ஹை." 30 வருட தில்லி வாழ்க்கையில் நான் கற்காத வாக்கியம். வடக்கே இருக்கும் வாசகர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சரியாகச் சொல்வதில் விஷயம் இருக்கிறது. குளிர்ந்தது பட்டதும் சுரீர் என்று கூசி, அது போனதும் கூச்சமும் போய்விட்டால் பல்லுக்குள் இருக்கும் நரம்பு பெரும்பாலும் தப்பித்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் போன பிறகும் நிமிடக்கணக்கில் வலி நின்றால், சூடு பட்டால் அதிகமானால், ராத்திரி எழுப்பினால், உள்ளே அழற்சி முற்றியிருக்கிறது; வேர் சிகிச்சை வரை போகலாம். கடிக்கும்போது மட்டும் வலித்தால் விரிசலையோ வேர் நுனியில் சீழையோ தேடுவார்கள். இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. பல நாள் உயிரை எடுத்த வலி ஒரு நாள் தானாக நின்றுவிடும். நாம் கிராம்பின் மகிமையைப் பேசிக்கொண்டிருப்போம். உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கும். வலி போய்விடும், நோய் வேருக்குக் கீழே வளர்ந்துகொண்டிருக்கும்.

நாற்காலியில் சாய்ந்ததும் வாயைத் திறக்கச் சொல்வார் என்று தயாராக இருந்தேன். அவர் என் கழுத்தைத் தொட்டார். தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னே, கழுத்தின் இரு பக்கமும் விரலால் தடவி நெறிக்கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். காதுக்கு முன்னால் இரு விரல்களை வைத்துக்கொண்டு திறந்து மூடச் சொன்னார். பிறகு என் கையின் மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொன்னார். நுழைந்தது. நல்லது என்றார். பாக்கு மெல்லுகிறவர்கள் சிலருக்குக் கன்னத்தின் உட்சதை நார் போல இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போகும். மூன்று விரல் நுழைந்த இடத்தில் இரண்டு, பிறகு ஒன்று. வருடக்கணக்கில் மெதுவாக நடப்பதால் ஆளுக்கே தெரியாது. காரம் பட்டால் எரிகிறது என்று மட்டும் சொல்வார்களாம்.

அதன் பிறகும் பல் பக்கம் வரவில்லை. உதட்டை மடித்துப் பார்த்தார். நாக்கின் நுனியைப் பஞ்சுத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரங்களையும் பார்த்தார். நாக்குக்கு அடியில் பார்த்தார். கண்ணாடியால் வலது கன்னத்தை விலக்கினார். இடது கன்னத்தை விலக்கினார். அங்கே நின்றார்.

பஞ்சால் துடைத்தார். மறுபடி துடைத்தார். விரலால் அழுத்தினார். "அங்கிள்ஜி, புகையிலை போடுவதுண்டா?"

கிடையவே கிடையாது என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. சிகரெட் இல்லை, ஜர்தா இல்லை, பான் பராக்கைத் தொட்டதில்லை. பின்னாலிருந்து என் மனைவி மறுபடியும் எடுத்துக் கொடுத்தாள்: "சீவல்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. ஊருக்குப் போகும்போதெல்லாம் வாங்கி வந்து டப்பாவில் வைத்துக்கொள்வேன். 25 வருடப் பழக்கம். இடது பக்கம் ஒதுக்கி மெல்வது வழக்கம். வெறும் பாக்குதானே, கல்யாணப் பந்தியில் குழந்தைகள்கூட எடுத்துப் போடுவதுதானே என்று நான் ஆரம்பித்தேன். டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்து விளக்கைத் திருப்பினார். உள் கன்னத்தில், பற்கள் சேரும் கோட்டுக்கு நேராக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. துடைத்தால் போகாத வெள்ளை. வலி, எரிச்சல் எதுவும் இல்லை. எத்தனை நாளாக இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? தினம் காலையில் பல் தேய்க்கிறேன். கன்னத்தின் உட்பக்கத்தை 56 வருடத்தில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

'வெறும் பாக்கு' என்ற என் வாதத்துக்கு ஒரு காலத்தில் மருத்துவ உலகிலும் இடம் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1985-ல் புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கைத்தான் புற்றுநோய்க் காரணி என்றது. பாக்கைத் தனியாகக் குற்றம் சொல்ல அன்று ஆதாரம் போதவில்லை. 2004-ல் வெளியான அதன் அறிக்கை அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. புகையிலையே சேராவிட்டாலும் பாக்கு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். வெள்ளைத் திட்டுகளில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை, சில மாறுகின்றன. எது மாறும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சிவப்புத் திட்டு என்றால் கவலை இன்னும் அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டியாக வேண்டும்.

வாய்ப்புற்று இந்திய ஆண்களிடையே மிக அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. இதில் கொடுமை என்னவென்றால், குடலையோ நுரையீரலையோ போல உள்ளே ஒளிந்திருக்கும் நோயல்ல இது. வாயைத் திறந்தால் தெரியும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996-ல் அந்த மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 வயதைக் கடந்த ஏறக்குறைய 1,90,000 பேர். பாதிப் பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாய்க்குள் பார்த்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. பார்ப்பது, சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அனுப்புவது, அவ்வளவுதான். 2005-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைவு. என் டாக்டர் என் வாயில் செய்ததும் இதேதான். பல்லைப் பார்ப்பதற்கு முன் அவர் செலவிட்ட அந்த ஐந்து நிமிடத்தை, சில இடங்களில் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். விட்டால் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம்தான் பல். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்து எண்களைச் சொல்ல, உதவியாளர் எழுதினார். "ஒன்று-ஆறு, இரண்டு-ஏழு" என்று ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும். வாயை நான்கு கால் பாகங்களாகப் பிரிக்கிறார்கள். உங்கள் வலது மேல் பக்கம் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. நடுப்பல்லிலிருந்து பின்னால் 1 முதல் 8 வரை. ஆக 16 என்பது வலது மேல் பக்கத்தின் ஆறாவது பல். நான் கும்பகோணத்தில் தொலைத்துவிட்டு வந்தது 46. அதைப் பார்த்ததுமே, "இது போய் ரொம்ப வருடம் இருக்குமே" என்றார். எப்படித் தெரியும்? பின்னாலிருந்த 47 காலி இடத்தில் சாய்ந்திருக்கிறது. மேலே இருக்கும் 16, முட்டுக் கொடுக்க ஆள் இல்லாமல் கீழே இறங்கியிருக்கிறது. ஒரு பல் போனால் போகட்டும் என்று நினைப்போம். பக்கத்துப் பற்கள் அப்படி நினைப்பதில்லை.

மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி ஆழம் பார்த்தார். பல் ஒன்றுக்கு ஆறு இடம்; எனக்கு இருக்கும் 29 பல்லுக்கு 174 அளவுகள். மூன்று மில்லிமீட்டர் வரை சரி. நான்கு, ஐந்து என்று போனால் ஈறு பல்லை விட்டு விலகுகிறது. எனக்குக் கீழ் முன்பற்களில் சில ஐந்து. லேசாக ரத்தம் வந்தது. வலி என்று சொல்ல முடியாது.

எக்ஸ்-ரேவுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. 1896 ஜனவரியில், எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்த சூட்டோடு, ஜெர்மனியில் ஒட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் பல்லைத் தானே படம் எடுத்தார். 25 நிமிடம் அசையாமல் படுத்திருந்தாராம். இன்று ஒரு நொடியில் சிறு பகுதி போதும். ஒரு சிறிய பல் எக்ஸ்-ரேயில் கிடைக்கும் கதிர்வீச்சு, பூமியிலிருந்தும் வானிலிருந்தும் நாம் ஒரு நாளில் சும்மாவே வாங்கிக்கொள்ளும் அளவைத் தாண்டுவது அரிது. இரண்டு பற்கள் ஒட்டும் இடத்தில் விழும் சொத்தையைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் இது தேவைப்படுகிறது. என் கூச்சத்துக்குக் காரணம் அப்படி ஒளிந்திருந்த ஒரு சொத்தைதான்.

45 நிமிடமாயிற்று. அன்று அவர் எந்தப் பல்லையும் குடையவில்லை. ஒரு கூரான கடைவாய்ப்பல் முனை கன்னத்தில் உரசுகிறது என்று அதை மட்டும் மழுக்கிவிட்டார். எழுதிக் கொடுத்த தாளில் எது அவசரம், எது ஒரு மாதத்துக்குள், எது உங்கள் விருப்பம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை. இந்தத் தாளைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. என் நண்பர் ஒருவருக்கு ஓர் இடத்தில் எட்டுச் சொத்தை என்றார்கள். வேறு ஊரில் காட்டியபோது இரண்டு. மற்ற ஆறும் பள்ளங்களில் படிந்த கறை. சொத்தையைக் கண்ணாடியிலோ எக்ஸ்-ரேயிலோ காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கருவிகளை மூடி முத்திரையிட்ட உறையை உங்கள் கண் எதிரே பிரிக்கிறார்களா என்றும் பாருங்கள். வசதி போதாதவர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, தில்லியில் மௌலானா ஆசாத், மும்பையில் நாயர், கொல்கத்தாவில் 1920-லேயே தொடங்கிய டாக்டர் ஆர். அகமது கல்லூரி. காத்திருக்க வேண்டும், மாணவர்கள் பார்ப்பார்கள், ஆசிரியர் வந்து சரி பார்ப்பார். பொறுமை இருந்தால் அதைவிட நிதானமான பரிசோதனை கிடைப்பது கஷ்டம்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று எச்சரித்தார் அலுவலக நண்பர். ஆடும் பல்லைக் காரைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால், அந்தக் காரைதான் ஈறைத் தின்றுகொண்டும் இருக்கிறது. செய்துகொண்டேன். இரண்டு நாள் கூசியது.

சீவலை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார். திட்டு கொஞ்சம் வெளுத்திருந்ததே தவிர, போகவில்லை. வாய் மற்றும் தாடை அறுவை நிபுணரிடம் அனுப்பினார். மரத்துப்போக ஊசி போட்டு, துவரம்பருப்பு அளவு சதையை எடுத்து, ஒரு தையல் போட்டார்கள். முடிவு வந்த ஒன்பது நாளும் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. செல்களில் ஆபத்தான மாற்றம் இல்லை என்று வந்தது. ஆனால் விடுதலை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். சீவல் டப்பாவில் இப்போது என் மனைவி வெந்தயம் வைத்திருக்கிறாள்.

அன்று ராத்திரி கும்பகோணத்தில் இருக்கும் என் அண்ணாவுக்கு போன் செய்தேன். வயது 63. 40 வருடமாக வெற்றிலை, அதுவும் பன்னீர்ப் புகையிலையோடு. போன வருடம் போயிருந்தபோது ரசத்தில்கூடக் காரம் தாங்கவில்லை என்று தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டது எனக்கு இப்போதுதான் உறைத்தது. மூன்று விரலை வாய்க்குள் நுழைத்துப் பார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இரண்டுதான்டா போறது. ஆனா வலிக்கலையே, டாக்டர் எதுக்கு?"

அடுத்த வாரத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நானே கூட்டிப்போவதாகச் சொன்னதும் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: மேல் பல்லில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.